ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கட்டுமே!

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்துக் கல்லூரி விடுதிகளின் காப்பாளர்களுக்கும் துணைக் காப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

உங்களில் சிலருக்கு என் கையெழுத்து பழக்கமாக இருக்கும். விடுதி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ‘லோக்கல் கார்டியன்’ என்று ஒரு கட்டம் போட்டிருப்பீர்களே, அதில் பல வருஷமாகக் கையெழுத்துப் போட்டுவருகிறவள் நான். குடியிருப்பது மந்தைவெளி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தம்பி மகள், ஒன்றுவிட்ட அக்காவின் பேத்தி, எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த டீச்சரின் பேத்தி என்று ஊரிலிருந்து யார் சென்னைக்குப் படிக்க வந்தாலும் அந்தக் கட்டம் என்னைத் தேடி வந்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் அலுவலகத்திலிருந்து முதல் போன் எனக்குத்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போக அவுட்பாஸ் வேண்டுமென்றாலும் நான்தான் வந்து நிற்பேன்.

அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். பிளஸ் டூ எழுதிவிட்டு உங்கள் கல்லூரியில் சேர நினைக்கும் வெளியூர்ப் பிள்ளைகள், சேர்வதற்கு முன்னால் உங்கள் விடுதியில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வழி செய்யுங்கள். சாயங்காலம் வருவார்கள். மெஸ்ஸில் சாப்பிடுவார்கள். படுத்து எழுந்து, காலை டிபனை முடித்துக்கொண்டு, முடிந்தால் முதல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவ்வளவுதான்.

எதற்கு இது என்று கேட்பீர்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

பொறியியல் படிப்புக்கு 1997இல் ஒற்றைச் சாளர முறை வந்தது. அதிலிருந்து 2017 வரை கலந்தாய்வு என்றால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஆள் நேரில் வரவேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் பிள்ளைக்கும் கூட வருகிற ஒருவருக்கும் பாதிக் கட்டணம். ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வந்து, கோயம்பேட்டில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு, சான்றிதழ்ப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வளாகத்து மரத்தடியில் காத்திருந்த அப்பாக்களை அந்தப் பக்கம் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே பெரிய திரையில் காலியிடங்கள் கண்ணெதிரே குறைந்துகொண்டே வரும். பெயர் கூப்பிட்டதும் போய் நாலு வருஷத்தைச் சில நிமிஷங்களில் முடிவு செய்துவிட்டு வரவேண்டும்.

2018இல் அது இணையத்துக்கு மாறியது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இப்போது இணையத்தில்தான் விண்ணப்பம். நல்ல காரியம். கூலி வேலைக்குப் போகும் அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளமும் பேருந்துக் காசும் மிச்சம். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், அதோடு ஊர்ப்பிள்ளை சென்னைக்கு வந்து கல்லூரிக் கட்டடத்தை எட்டிப் பார்க்கிற ஒரே சந்தர்ப்பமும் போய்விட்டது. ஊர் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, கல்லூரிகளின் பெயரை வரிசையாகத் தட்டி, சில நாள் கழித்து ஒதுக்கீடு வந்ததும் ‘சம்மதம்’ என்று அழுத்திவிடுகிறார்கள். ஆளும் பெட்டியும் கல்லூரி வாசலுக்கு வந்து சேரும்போது பணம் கட்டி முடிந்திருக்கும்.

சரி, நேரில் வந்து பார்க்கிறவர்களுக்காவது எல்லாம் தெரிகிறதா? ஒரு மே மாதம் என் தம்பி தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தான். நெல்லையிலிருந்து வந்த ரயிலில் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் மாம்பலம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் ஒரு கல்லூரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். அலுவலகத்தில் கட்டண விவரம் அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். வேலைவாய்ப்பு எத்தனை சதவீதம் என்று தம்பி கேட்டான், சொன்னார்கள். விடுதியைப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். “லீவும்மா, பூட்டியிருக்கு. ரூமெல்லாம் நல்லா இருக்கும்” என்றார் எழுத்தர். காவலாளி இரக்கப்பட்டு விடுதி வாசல்வரை கூட்டிப்போனார். கம்பிக் கதவு வழியாகப் பார்த்தோம். நீளமான நடை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கிய இரும்புக் கட்டில்கள். கொடியில் யாரோ மறந்துவிட்டுப்போன இரண்டு கிளிப். அவ்வளவுதான் விடுதி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பிள்ளை என்னிடம் மெதுவாகக் கேட்டது: “ராத்திரி லைட்ட எப்ப அமத்துவாவ, அத்த?”

எனக்குத் தெரியவில்லை. கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. விளக்கேட்டின் எந்தப் பக்கத்திலும் அது கிடையாது. அப்பாவுக்குக் கட்டணமும் வேலையும் முக்கியம். வெளிச்சத்தில் தூக்கம் வராத பிள்ளைக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். மூன்று வருஷமோ நாலு வருஷமோ அங்கே படுத்து எழப்போவது அவள்தானே?

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறந்து பார்க்கிறோம், சுவிட்சைப் போட்டுப் பார்க்கிறோம், எதிர்வீட்டில் விசாரிக்கிறோம். பதினோரு மாத ஒப்பந்தத்துக்கே இவ்வளவு. பிள்ளையைக் கொண்டுவிடும் இடத்தை மட்டும் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறோம்.

விடுதி என்பது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் விடுதி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, காலை ஆறரைக்குக் குளியலறை வாசலில் எத்தனை பக்கெட் வரிசையில் நிற்கிறது, ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் ரசமாக இருக்கிறதா, கடைசியில் வருகிறவர்களுக்குப் பொரியல் மிஞ்சுகிறதா, ஸ்டடி ஹவர்ஸில் உண்மையாகவே படிக்க முடிகிறதா, அறைக்குள் போன் சிக்னல் கிடைக்குமா, மாடிப்படியில் நின்றுதான் அம்மாவோடு பேசவேண்டுமா, வயிற்றுவலி என்றால் ராத்திரி பதினொரு மணிக்கு யார் கதவைத் தட்டவேண்டும்: இவையெல்லாம் ராத்திரியில் மட்டும் தெரிகிற சங்கதிகள்.

இவை அற்ப விஷயங்கள் அல்ல. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டுபோனபோது சென்னை விடுதிகளில் ஒரு பக்கெட் தண்ணீரின் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. லாரியை நம்பி இருந்த விடுதி எது, கிணறும் மழைநீர்த் தொட்டியும் வைத்திருந்த விடுதி எது என்பதை அங்கே இருக்கிற பிள்ளையைக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடும். அதே வருஷம் கேரளத்தில் ஒரு கல்லூரி மகளிர் விடுதியில் மாலை 6 மணியிலிருந்து 10 மணிவரை கைப்பேசி வைத்திருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். சம்மதிக்காத மாணவியை விடுதியைவிட்டு அனுப்பினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்பு ஒருபக்கம் இருக்கட்டும். விடுதி விதி ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்தும் அளவுக்குப் போகும் என்றால், அந்த விதிகளைச் சேருமுன்பே தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டா இல்லையா?

என் வீட்டு வாசலுக்குப் பெட்டியோடு திரும்பி வந்த பிள்ளைகளும் உண்டு. ஒருத்தி சேர்ந்த மூன்றாவது வாரமே வந்தாள். பாடம் பிடித்திருந்தது, ஆசிரியர்களையும் பிடித்திருந்தது. யாரும் கேலி செய்யவில்லை, மிரட்டவில்லை. ஆறு பேர் அறையில் தூங்கமுடியவில்லை, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, ஊர்ப்பேச்சில் வாயைத் திறக்கக் கூச்சம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிதல்ல. எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்ததால் தாங்கவில்லை. கட்டிய பணத்தைத் திரும்பத் தரவும், அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்காமல் கொடுக்கவும் பல்கலைக்கழக மானியக் குழு விதி வைத்திருக்கிறது. ஆனால் போன சீட் போனதுதான். அவள் விட்டுவிட்டு வந்த இடத்துக்குக் காத்திருந்த இன்னொரு பிள்ளை அதற்குள் வேறெங்கோ சேர்ந்திருக்கும். ஒரு ராத்திரி முன்னமே வந்து தங்கியிருந்தால், ஒன்று அவள் வேறு கல்லூரியைத் தேர்ந்திருப்பாள், இல்லை மனதைத் தயார்செய்துகொண்டு வந்திருப்பாள். இரண்டுமே லாபம்தான்.

வெளியூர்ப் பெண்ணுக்கு இடம் கொடுப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ராணி மேரி கல்லூரி 1914இல் தொடங்கியதே கடற்கரையில் ஓட்டலாக இருந்த கேப்பர் ஹவுஸ் கட்டடத்தில்தான். தொலைதூரத்து மாணவிகள் தங்கிப் படித்தால்தான் பெண்கள் கல்லூரி நிற்கும் என்று முதல் முதல்வர் டோரதி டி லா ஹே அம்மையார் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1912இல், சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைச் சிறுமிகள் சிலரை எழும்பூரில் தன் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். வீடு கொள்ளாமல் போனபோது, 1897இல் விவேகானந்தர் தங்கிய ஐஸ் ஹவுஸ் அந்தப் பெண்களின் விடுதியானது. 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, போக்கிடமில்லாத பெண்களைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டு தொடங்கிய ஔவை இல்லம் பின்னர் அடையாறில் வேரூன்றியது. பையன்களுக்கு 1905 முதல் மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் இருக்கிறது. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியிலிருந்து படித்து வெளியே வந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். முதலில் படுக்க இடம், பிறகு படிப்பு என்ற வரிசையில்தான் இந்த ஊர் வெளியூர்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறது. நீங்கள் அந்த வரிசையில் வருகிறவர்கள்.

நான் கேட்பது உலகத்தில் இல்லாத வழக்கமும் அல்ல. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், சேர நினைக்கும் பள்ளிப் பிள்ளை அங்கே படிக்கிற ஒரு மாணவரின் அறையில் ஒரு ராத்திரி தங்கி, அவரோடு சாப்பிட்டு, மறுநாள் வகுப்புக்கும் போய்ப் பார்ப்பது வெகுகாலமாக இருக்கும் ஏற்பாடு. எம்.ஐ.டி., அதாவது நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸில் இருப்பது, இடம் கிடைத்த பிள்ளைகளை ஏப்ரல் மாதம் வரவழைத்து வளாகத்திலேயே தங்கவைக்கிறது. ‘வந்து பார், பிடித்தால் சேர்’ என்று சொல்ல அவ்வளவு பெரிய நிறுவனமே தயங்குவதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். அடையாறில் ஐ.ஐ.டி. இருக்கிறது. காவேரி, கிருஷ்ணா, நர்மதா, தாமிரபரணி என்று விடுதிகளுக்கு நதிகளின் பெயர். ஜனவரியில் சாரங் கலைவிழா வந்தால் வெளியூர்க் கல்லூரி மாணவர்களுக்கு அந்த விடுதிகளில் இடம் ஒதுக்குகிறார்கள். அடையாள அட்டை பார்ப்பது, அறை காட்டுவது, மெத்தை எண்ணிக் கொடுப்பது, திரும்ப வாங்குவது எல்லாம் மாணவர்களே செய்கிறார்கள். மான் மேய்கிற வளாகத்தில் பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கு இடம் கிடைக்கும்போது, படிக்க வருகிறவர்களுக்குக் கிடைக்காதா? உங்கள் கல்லூரிகளிலும் விளையாட்டுப் போட்டிக்கு வரும் வெளியூர் அணிகளைத் தங்கவைத்திருப்பீர்கள். நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அரசும் பாதி வழி வந்திருக்கிறது. ‘நான் முதல்வன்’ திட்டம் 2022இல் தொடங்கிய பிறகு, ‘கல்லூரிக் கனவு’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் வழிகாட்டி நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அரசுப் பள்ளி பிளஸ் டூ பிள்ளைகளைப் பக்கத்துக் கல்லூரிக்குக் களப்பயணமாகவும் அழைத்துப் போகிறார்கள். ஆய்வகம், நூலகம், விளையாட்டு மைதானம் எல்லாம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் டே ஸ்காலராகச் சேருகிற பிள்ளைக்கு அது போதும். அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்து தங்கப்போகும் பிள்ளைக்குப் போதாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தியாகராய நகர் தெருக்களில் ‘லேடீஸ் ஹாஸ்டல்’ பலகை மாட்டியிருக்கும் தனியார் விடுதிகளில் பலவற்றில், நாள் வாடகை கொடுத்து ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் மாதக் கணக்கில் சேரலாம். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வாங்கி, வருகைப் பதிவேடும் காவலாளும் வைத்துக்கொண்டு, காசுக்காக நடத்துகிறவர்கள் அவர்கள். அவர்களே தங்கிப் பார்க்க விடும்போது, கல்விக்காக நடக்கும் விடுதி ஏன் கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும்?

உங்கள் பக்கத்து நியாயங்களும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதல் கவலை பாதுகாப்பு. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டதைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. ராகிங்கைத் தடைசெய்து 1997இல் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். 2009இல் மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகள், முதலாண்டு மாணவர்களைக் கூடியவரை தனிக்கட்டடத்தில் வைக்கச் சொல்கின்றன. வெளிப்பிள்ளை ஒருத்தி ராத்திரி தங்கி ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் உங்கள் தலைதான் உருளும். அதனால்தான், யார் வேண்டுமானாலும் வந்து எந்த அறையிலும் படுக்கலாம் என்று நான் கேட்கவில்லை. துணைக் காப்பாளர் அறைக்குப் பக்கத்து அறை ஒன்றை ஒதுக்குங்கள். வருகிற பிள்ளைகள் சேர்ந்தே படுக்கட்டும். கூட வரும் அம்மாவோ பள்ளி ஆசிரியையோ விருந்தினர் அறையில் இருக்கட்டும். வருகிறவர்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்காது. ஆகவே பெற்றோர் சம்மதக் கடிதம், தலைமையாசிரியர் கடிதம், ஆதார் நகல் மூன்றும் இல்லாமல் உள்ளே விடாதீர்கள். உங்கள் கண்முன்னே, உங்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தங்கட்டும்.

இரண்டாவது, இடம் ஏது என்பது. விடுதி நிரம்பி வழிகிற ஜூலையில் இதைக் கேட்டால் தவறு. எல்லாரும் ஊருக்குப் போய்விட்ட மே மாதத்தில் கேட்டால் பயனில்லை. காலி அறையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. நடுவில் ஒரு காலம் இருக்கிறது. 2024இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 22இல் முடிந்தது, முடிவு மே 6இல் வந்தது. 2025இல் மார்ச் 25இல் முடிந்தது, முடிவு மே 8. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். உங்கள் விடுதியிலோ எல்லாரும் இருக்கிறார்கள். மெஸ் முழுசாக ஓடுகிறது. செமஸ்டர் நெருங்குவதால் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதும் தெரியும். வார இறுதிக்கு உள்ளூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவதால் வெள்ளிக்கிழமை ராத்திரி சில கட்டில்கள் காலியாகவும் இருக்கும்.

மூன்றாவது, தேர்வு நேரத்தில் எங்கள் மாணவிகளுக்குத் தொந்தரவு என்பீர்கள். கேட்டுத்தான் பாருங்களேன். இரண்டாம் ஆண்டில் படிக்கும் தென்காசிப் பிள்ளையிடம், ‘உன் ஊர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி வருகிறாள், ஒரு மணி நேரம் கூட இருக்கிறாயா’ என்று கேட்டால் மறுக்கமாட்டாள். தான் வந்த முதல் வாரம் அவளுக்கு மறந்திருக்காது. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று: கேட்டதற்கு உள்ளதைச் சொல். அந்த ஒரு மணி நேரம் நீங்களோ நானோ பக்கத்தில் இருக்கக்கூடாது.

நான்காவது கவலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குறை வெளியே தெரிந்துவிடுமே என்பது. தெரியட்டும். எல்லா விடுதியிலும் சாம்பார் ஒருநாள் தண்ணீராகத்தான் இருக்கும். அது பெற்றோருக்கும் தெரியும். சொல்லாமல் மறைத்தால்தான் கோபம் வரும். முன்னமே பார்த்துவிட்டுச் சேர்கிற பிள்ளை, ‘தெரிந்துதானே வந்தோம்’ என்று அனுசரித்துப் போகும். ஜூலை மாதம் உங்கள் அலுவலகத்தில் வந்து நிற்கும் அழுகையில் பாதி குறைந்துவிடும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசமாக வேண்டாம். அன்றைய மெஸ் கட்டணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். போர்வையும் தட்டும் டம்ளரும் அவர்களே கொண்டுவருவார்கள். பக்கெட், மக் மட்டும் கொடுத்தால் போதும். வந்துபோவதும் முன்புபோல் கஷ்டமில்லை. கிளாம்பாக்கத்திலோ தாம்பரத்திலோ இறங்கினால் மாநகரப் பேருந்தும் மின்சார ரயிலும் இருக்கின்றன. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. திருமயிலை, மந்தைவெளி, கஸ்தூரிபா நகர் என்று பறக்கும் ரயில் உங்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து விடுகிறது. கொஞ்சம் நெருக்கி அமைத்துக்கொண்டால், கதீட்ரல் சாலை ஸ்டெல்லா மாரிஸ், கடற்கரை ராணி மேரி, தேனாம்பேட்டை எஸ்.ஐ.இ.டி. என்று பக்கம்பக்கமாக இருக்கும் கல்லூரிகளில் ஒன்றில் ராத்திரி தங்கி, மற்ற இரண்டையும் மறுநாள் பகலில் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடித்துவிடலாம்.

அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் பலர் கல்லூரி விடுதியில் இருப்பதில்லை. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் இருக்கிறார்கள். 2025இலிருந்து அவற்றுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர். அந்த விடுதிகளின் காப்பாளர்களையும் இந்த மடலில் சேர்த்தே கூப்பிடுகிறேன். சொல்லப்போனால் அங்கேதான் இது இன்னும் அவசியம். குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு, ‘ஹாஸ்டல்னா இப்படித்தான்’ என்று சொல்ல வீட்டில் அண்ணனோ அக்காவோ இருக்கமாட்டார்கள். பெண்பிள்ளைகளைப் பற்றியே அதிகம் எழுதிவிட்டேன், என் அனுபவம் அது. பையன்களும் அழத்தான் செய்கிறார்கள். வெளியே தெரிவதில்லை.

இடையில், இந்த மடலைப் படிக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. கல்லூரிகள் திட்டம் போடும்வரை காத்திருக்க வேண்டாம். பிப்ரவரியிலேயே கல்லூரி முதல்வருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், பள்ளி, சேர நினைக்கும் பாடம், வர முடிந்த இரண்டு தேதிகள், கூட வருகிறவர் யார், இவ்வளவும் அதில் இருந்தால் போதும். ‘தங்க அனுமதிக்க இயலாவிட்டால், மாலை 5 மணி முதல் இரவுச் சாப்பாடுவரை இருந்து பார்க்க அனுமதி தரவும்’ என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். முழு ராத்திரி கிடைக்காவிட்டாலும் ஒரு சாப்பாடு கிடைக்கும். அதிலேயே பாதி தெரிந்துவிடும். போனால் சுவரைப் பார்க்காதீர்கள், ஆட்களைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பாளர்களே, உங்களிடம் திரும்பி வருகிறேன். பெரிய திட்டம், குழு, அரசாணை எதுவும் வேண்டியதில்லை. முதல் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ஓர் அறை, நான்கு பிள்ளைகள். சரியாக நடந்தால் மறுவருஷம் இரண்டு வெள்ளி. நடக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். விடுதி விதிப்புத்தகத்தில் ஒரு பத்தியும், முதல்வரின் ஒரு கையெழுத்தும், மெஸ் கணக்கில் நான்கு டோக்கனும் போதும்.

இந்த முறை பொதுத்தேர்வு முடிந்து வரும் முதல் வெள்ளிக்கிழமையை அதற்காகக் குறித்துவையுங்கள். தேதியை உங்கள் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். தென்காசிக்கும் ராமநாதபுரத்துக்கும் தருமபுரிக்கும் தகவல் சொல்லி, பிள்ளைகளை நேரத்துக்கு உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் வேலையை எங்களைப் போன்ற லோக்கல் கார்டியன்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் கதவை மட்டும் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மந்தைவெளியிலிருந்து ஒரு லோக்கல் கார்டியன்